டூப் எழுதிய வருடம்

சிப் வருவதற்கு முன்னால் அதைப் பற்றிய புத்தகம் வந்துவிட்டது. இரண்டு தடித்த பாகங்கள். எங்கள் முதலாளி அவற்றைக் கூட்டத்தில் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"இதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? மாப்பிள்ளை வரலை, ஜாதகம் மட்டும் வந்திருக்கு" என்றார்.

சிரிக்க வேண்டிய இடம். மற்றவர்கள் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சை என் எதிரில் எடுக்கலாமா கூடாதா என்று அப்போது ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தை மாதத்தில் என் கணவர் இறந்துபோனார். முப்பத்தைந்து வயது. சைதாப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் கீழே உட்கார்ந்தார், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டேன், இனிமேல் சொல்ல மாட்டேன். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எல்லோரும் கேட்பது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கம்பைலர் எழுதுவது எங்கள் பிரிவின் தொழில். மனிதர் எழுதுகிற நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருகிற நிரலுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். ஒரு சிப்புக்கு இருக்கும் கம்பைலரை வேறொரு சிப்புக்காக மாற்றித் தர வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களிடம் கேட்டிருந்தது. மாற்றிவிடலாம். மாற்றியது சரியா தப்பா என்று பார்ப்பதற்கு அந்தச் சிப் வேண்டுமே? அதைப் பொருத்திய ஒரே ஒரு போர்டை அவர்கள் அனுப்பியிருந்தார்கள். அது மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர்களிடம் மாட்டிக்கொண்டு, இது என்ன வஸ்து, எதற்கு உபயோகம் என்ற கேள்விகளுக்குப் பதில் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வழி இரண்டு. போர்டு வரட்டும் என்று சும்மா இருக்கலாம். இல்லாவிட்டால், புத்தகத்தைப் படித்து, அந்தச் சிப்பைப் போலவே நடிக்கிற ஒரு நிரலை எழுதி, நம்மிடம் இருக்கும் மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

முதலாளிக்கு இரண்டாவதில் நம்பிக்கை கிடையாது. "நிஜ சிப்புல ஓடினாத்தாம்மா ஓடினதாக் கணக்கு. நாமளே எழுதின பொய்ல நாமளே ஓட்டிப் பார்த்துட்டு, நாமளே கை தட்டிக்கறதா?" என்றார்.

"நான் எழுதறேன் சார்" என்றேன்.

ஆர்வத்தில் சொல்லவில்லை. எனக்கு அப்போது எதிலும் ஆர்வம் கிடையாது. அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன், அதனால்தான்.

கம்பைலரின் முக்கியமான பகுதியை மாற்றும் வேலை வடபழனிக்காரன் ஒருவனுக்கு. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், கெட்டிக்காரன், வாய் ஓயாது. அவன் அப்பா சினிமாவில் சண்டைக் காட்சிகளில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவராக இருந்தவர். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவன் கேட்டான்:

"இன்னா மேடம், ஹீரோ கஸ்டம்ஸ்ல கீறாரு, அதுவரிக்கும் டூப்ப வெச்சு ஷூட்டிங்கா?"

அன்றிலிருந்து என் நிரலுக்கு டூப் என்றும், வராத போர்டுக்கு ஹீரோ என்றும் பெயர். முதலாளியே ஒருநாள் வாய்தவறி "டூப் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார்.

டூப் எழுதுவது எனக்கு ஒத்துவந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். இந்தக் கட்டளை வந்தால் என்ன மாறும், எதெல்லாம் மாறாது என்று எழுதியிருந்தது. மாறாதவற்றைத் தனியாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்து, அப்படியே எழுதி, அடுத்த பக்கம். மத்தியானம் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டு, அடுத்த பக்கம். சாயங்காலம் 12பி பஸ் பிடித்து மயிலாப்பூர். சந்தோஷமாக இருந்தேனா என்றால் இல்லை. துக்கமாக இருந்தேனா என்றால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்த்தால் இருக்குமே, அப்படி இருந்தது.

வீடு என்று சொல்கிறேனே, அது கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி போர்ஷன். ஒரு ரூம், ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு துண்டு மொட்டைமாடி. கீழே வீட்டுக்காரர்கள். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டுபேரும் அங்கேதான் இருந்தோம். அதைக் காலி செய்துவிட்டு அசோக் நகரில் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று என் அண்ணா தை மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணா கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் போடா என்று சொல்லியிருப்பேன்.

"எத்தனை நாள் தனியா இருப்பே? நன்னாவா இருக்கு பார்க்கறதுக்கு?" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"யாரு பார்க்கறா?"

"அதான் சொல்றேன். பார்த்துக்கறதுக்கு ஒருத்தரும் இல்லையே உனக்கு!"

எனக்கு வேண்டியதே அதுதான். ஆனால் அதைச் சொன்னால் அவனுக்குப் புரியாது. காரியமெல்லாம் முடிந்த பிறகு கொஞ்சநாள் அசோக் நகரில் இருந்து பார்த்தவள்தான் நான். மன்னி தங்கமானவள். ஆனால் அந்த வீட்டில் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள். சாப்பிட்டேனா, தூங்கினேனா, முக்கியமாக, அழுதேனா. நான் அழவில்லை. அழுகை வரவில்லை, நான் என்ன செய்ய? "அழுதுடு, அழுதாத்தான் சரியாப் போகும்" என்று வருகிற அத்தை, சித்தி எல்லோரும் சொன்னார்கள். நான் குளியலறைக்குப் போனால் வெளியே பேச்சு நிற்கும். குக்கர் விசில் வரக் காத்திருப்பது மாதிரி காத்திருந்தார்கள். கதவைத் தாழ்போட்டால் ஐந்து நிமிஷத்தில் யாராவது தட்டி, "காபி கலக்கட்டுமா?" என்பார்கள். எனக்கு அங்கே மூச்சு முட்டியது. மயிலாப்பூர் மாடியில் நான் தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் கேட்பாரில்லை. அந்த வீடு எனக்கு வேண்டியிருந்தது. அந்த வருஷம் நான் வேண்டும் என்று நினைத்த ஒரே பொருள் அதுதான்.

கடைசியில் அண்ணா ஒரு சமாதானத்துக்கு வந்தான்.

"சரி, உன் வேலை நிலைக்கறதுன்னா இரு, நான் குறுக்கே வரலை. வேலை இல்லேன்னா, தீபாவளிக்கு முன்னாடி பெட்டியைக் கட்டிண்டு நம்மாத்துக்கு வந்துடணும். வாடகையை ஆகாசத்துலேந்தா கொடுப்பே?"

வேலை நிலைக்குமா என்பது டூப் கையில் இருந்தது. முதலாளி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: இந்தக் கம்பைலரை அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்தடுத்த சிப்புகளும் வரும். இல்லையென்றால் கம்பைலர் பிரிவை இழுத்து மூடுவதைத் தவிர வழியில்லை.

புரட்டாசியில் ஹீரோ வந்து சேர்ந்தார். பச்சை நிறத்தில், இரண்டு உள்ளங்கை அகலம். இதற்கா இத்தனை மாதம் என்று இருந்தது. முதலாளி மட்டும் சம்பந்தி வந்த மாதிரி ஆகிவிட்டார். திறந்த போர்டு, தூசி படக்கூடாது என்று ரிச்சி தெருவில் ஓர் அலுமினியப் பெட்டி வாங்கி, அதற்குள் வைத்து, வயரை மட்டும் வெளியே விட்டார். அது இருக்கவேண்டிய இடம் என் மேஜை என்று முடிவாயிற்று. ஒரே நிரலை டூப்பிலும் ஹீரோவிலும் ஓட்டி, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்ப்பது என் வேலை. முதல் நாட்களில் போட்டுப் பார்த்த சின்னச் சின்ன நிரல்கள் எல்லாவற்றிலும் இரண்டும் ஒரே விடை. முதலாளிக்கு ஆச்சரியம். எனக்கு ஒன்றுமில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிறபடி எழுதினேன், போட்டிருக்கிறபடி நடக்கிறது, இதில் என்ன ஆச்சரியம்?

அதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் அது பெரிய பூஜை. மெஷின் எல்லாவற்றையும் அணைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, பொரி, கடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய். அவரவர் மெஷினுக்கு அவரவரே சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். முதலாளி வருஷாவருஷம் ஒரே எச்சரிக்கையைத் திருப்பிச் சொல்வார்: "மேல டப்பாவுல மட்டும் வைங்க. கீபோர்டுல, உள்ளே எங்கயும் படக்கூடாது. போன வருஷம் ஃபிளாப்பி போடற வாய்ல குங்குமத்தைத் தள்ளினது யாருன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு அந்த வருஷம் பண்டிகை கிடையாது, வருஷம் திரும்பவில்லை. அதோடு, குங்குமக் கிண்ணம் கை மாறி வரும்போது என்னிடம் நீட்டுவதா தாண்டுவதா என்று ஒவ்வொருவராகத் திண்டாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. நான் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன். கீழே பாத்திரக்கடையிலும் பூஜை. மணிச்சத்தம் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கவுண்ட்ஸ் மாமி வெளியே வந்து என் கையில் பொரிப் பொட்டலத்தை வைத்தாள். ஐம்பது வயதிருக்கும் மாமிக்கு. ஆபீஸ் சாவி அவளிடம்தான். எங்கள் கணக்குவழக்கெல்லாம் பார்த்தாள், ஆனால் நாங்கள் அந்த மெஷின்களில் என்ன செய்கிறோம் என்று அவள் கேட்டதே இல்லை.

"கிளம்பறதானா கிளம்பேன், எத்தனை நாழி நிப்பே" என்றாள். கிளம்பினேன்.

மறுநாள் விஜயதசமிக்குப் பேருக்கு ஒரு நிரலை ஓட்டினோம். ஒழுங்காக ஓடியது. பெட்டி மூடியில் நட்டநடுவில் அழகாக ஒரு பொட்டு இருந்தது. யாரோ எனக்காக வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தேன், யார் என்று கேட்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஹீரோ தகராறு செய்ய ஆரம்பித்தார். பெரிய நிரல்களைப் போட்டால் டூப் ஒரு விடை சொன்னது, ஹீரோ வேறு விடை. திருப்பிப் போட்டால் ஹீரோவே இன்னொரு விடை. சில மத்தியானங்களில் இரண்டும் ஒத்துப்போகும், அப்பாடா என்று வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் பழையபடி.

"மார்னிங் கால்ஷீட்டுக்கு ஹீரோ சரியா வர்றதில்ல மேடம்" என்றான் வடபழனிக்காரன். சொல்லிவிட்டுத் தன் கம்பைலரைத்தான் வரிவரியாகத் தேடினான். நானும் என் டூப்பைத்தான் தேடினேன். நாங்கள் நிரல் எழுதுகிறவர்கள். எது கெட்டுப்போனாலும் நாங்கள் எழுதியதில்தான் பிழை என்று அங்கேயே போய்த் தோண்டுவோம். பெட்டிக்குள் என்ன பார்க்க இருக்கிறது? எல்லாம்தான் வயர் வழியாக வந்து போகிறதே. அது மட்டுமல்ல, பொட்டு வைத்த மூடியைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை என்றும் இப்போது தோன்றுகிறது.

முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே. போர்டு நிஜம்மா. உன்னோடது கற்பனை. ரெண்டும் ஒத்துவரலைன்னா எதை மாத்தணும்? போர்டு என்ன சொல்லுதோ அதையே உன் டூப்பும் சொல்ற மாதிரி மாத்திடு."

"எப்படி சார் மாத்தறது? ஒவ்வொரு தடவையும் வேற வேற தப்பா வருது. எந்தத் தப்பை எழுதட்டும்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அவங்க இன்ஜினீயர் வியாழக்கிழமை மத்தியானம் வர்றார். ரெண்டும் ஒரே விடை சொல்லணும். சொல்லலைன்னா, கம்பைலர் சரியில்லைன்னு நானே ஒத்துக்கிட்டு, வேலையைத் திருப்பிக் கொடுத்துடுவேன். அப்புறம் இந்தப் பிரிவை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது, சொல்லு."

அவருக்கும் தூக்கம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை.

இதையெல்லாம் அசட்டுத்தனமாக அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். அவன் நேரே வீட்டுக்காரரிடம் பேசிவிட்டான், அனேகமாகக் காலியாகிவிடும் என்று. வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவர்களுக்கும் மாடி தேவைதான். புதன்கிழமை சாயங்காலம் நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கார மாமி டேப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்து, ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்தாள்.

"கொஞ்சம் அந்தண்டை நகர்ந்துக்கோயேன்" என்றாள் என்னிடம். நகர்ந்துகொண்டேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன். அவள் போன பிறகு காபி ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. உஸ்மான் ரோட்டில் முழங்காலுக்குத் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது அக்கவுண்ட்ஸ் மாமி மட்டும்தான் வந்திருந்தாள். ஏசியைக்கூட இன்னும் போடவில்லை. அறை முழுக்க ஈரத்துணி வாசனை. ஹீரோவை முடுக்கினேன். தப்பு. இன்னொரு தடவை. வேறு தப்பு.

ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலையில் தப்பு, ஏசி ஓடி ஓடி அறை காய்ந்த பிறகு மத்தியானம் சரி. வெயில் அடித்த நாட்களில் தப்பே இல்லை. என் டூப்புக்கு மழை தெரியாது. வடபழனிக்காரனின் கம்பைலருக்கும் மழை தெரியாது. இந்த அறையில் மழை தெரிகிற ஒன்று என்னைத் தவிர அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். குப்பென்று சந்தன வாசனை.

சிப்பின் முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வைத்தபோது நன்றாகக் குழைத்து வைத்திருக்க வேண்டும். ஓரங்களில் வழிந்து, பக்கத்து மெமரி சிப்பின் கம்பிக் கால்களுக்கு இடையில் இறங்கிக் காய்ந்திருந்தது. காய்ந்ததாக நான் நினைத்தேன். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. ஒவ்வொரு காலையும் அது ஈரத்தைக் குடித்து, ஒன்றோடொன்று சேரக்கூடாத கால்களை எல்லாம் சேர்த்துவைத்திருக்கிறது.

"மாமி! இதுக்குள்ளே பொட்டு வெச்சது யாரு?"

மாமி தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "நான்தான். ஏன், அழிஞ்சு போயிடுத்தா?"

எனக்குக் கோபம் வந்தது. தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது, உள்ளங்காலிலிருந்து ஜிவ்வென்று ஏறியது.

"உங்களுக்குப் புத்தி இருக்கா மாமி? டப்பா மேல வைங்கோன்னு அவர் கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரே! மூடியைத் தொறந்து உள்ளே வெக்கச் சொன்னது யாரு? இதனால எத்தனை நாளா செத்துண்டிருக்கோம் தெரியுமா? என் வேலை போகப் போறது, என் வீடு போகப் போறது, ஜன்னலுக்கு அளவெடுத்துண்டு போயாச்சு! யாரு கேட்டா உங்களை? சொல்லுங்கோ, யாரு கேட்டா?"

கத்தினேன். கீழே பாத்திரக்கடையில் கேட்டிருக்கும். மாமி தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் அவாவா மெஷினுக்கு அவாவாளே வெச்சுண்டா" என்றாள். "உன்னோடதுக்கு வெக்க ஒருத்தரும் இல்லே. நீ மாடிப்படியில நின்னுண்டிருந்தே. மூடியில வெச்சேன். அப்புறம் மனசு கேக்கலை. மூடிக்கு வெச்சா மூடிக்குத்தானே ஆச்சு? நீ மாசக்கணக்கா மாரடிச்சுண்டிருக்கறது உள்ளே இருக்கறதோடன்னா? அதான் உன் பங்கையும் சேர்த்து அதுக்கே வெச்சேன். சந்தனமும் கொஞ்சம் தாராளமாத்தான் குழைச்சேன்."

கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தேன்.

"தொடைச்சாப் போயிடுமா?" என்று கேட்டாள்.

"போகும்னு நினைக்கறேன்."

"அப்போ தொடை. நான் விளக்கைப் பிடிச்சுக்கறேன்."

டேப் மெஷினைத் துடைப்பதற்கு வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவந்தேன். மாமி தன் பையிலிருந்து காது குடையும் பஞ்சுக்குச்சிகளைக் கொண்டுவந்தாள். மேஜை விளக்கைச் சாய்த்து அவள் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு காலாகத் துடைத்தேன். பஞ்சில் முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. இடுக்கில் போனதை நகத்தால் சுரண்டினேன்.  

வடபழனிக்காரன் தலைமுடியில் தண்ணீர் சொட்ட வந்து நின்றான். போர்டைப் பார்த்தான், பஞ்சைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஹீரோக்கு மேக்கப் ஓவராப் பூட்ச்சு போலகீது" என்றான். பிறகு மாமியிடமிருந்து விளக்கை வாங்கிக்கொண்டு, "நீங்க போய் காபி போட்டுக்கினு வாங்க மாமி, நான் புட்ச்சுக்கினு கீறேன்" என்றான். மாமி போனாள்.

விளக்குச் சூட்டில் நன்றாகக் காயவைத்து, ஓட்டினோம். ஹீரோவும் டூப்பும் ஒரே விடை. பெரிய நிரல்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டோம். ஒரே விடை. மூடியை மூடினேன். மூடியின் மேல் இருந்த பொட்டை நான் துடைக்கவில்லை.

முதலாளி வந்ததும், "என்னம்மா கோளாறு?" என்றார்.

"ஈரம் சார். உள்ளே இறங்கியிருந்தது. துடைச்சுட்டோம்" என்றேன். மாமி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"பார்த்தியா, நான்தான் சொன்னேனே, போர்டு பொய் சொல்லாதுன்னு!" என்றார் முதலாளி. இவரை என்ன செய்வது?

மத்தியானம் அந்த இன்ஜினீயர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாயங்காலம் வரை பார்த்தார், தானே சில நிரல்களை எழுதிப் போட்டார். கடைசியில் போர்டைத் தள்ளிவைத்துவிட்டு, டூப்பைப் பற்றி மட்டும் கேட்க ஆரம்பித்தார். அடுத்த சிப் இன்னும் தயாராகவே இல்லையாம், புத்தகம் மட்டும்தான் இருக்கிறதாம். சிப் கையில் கிடைப்பதற்கு முன்பே இதே மாதிரி ஒன்றை எழுதி, கம்பைலரையும் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா! எங்க வழக்கமே அதுதான்" என்றார் எங்கள் முதலாளி. வடபழனிக்காரன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

ஆபீஸ் போனிலிருந்தே அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"நான் வரலைண்ணா."

"வேலை?"

"நிலைச்சுடுத்து."

 "மன்னி அந்த ரூமை ஒழிச்சு வெச்சுட்டாளே" என்றான். பிறகு, "தீபாவளிக்காவது சாப்பிட வந்துட்டுப் போ. பண்டிகை இல்லேன்னா என்ன, சாதம் சாப்பிடலாமோன்னோ" என்றான். வருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது மாமியின் மேஜை அருகே நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "மழை விட்டிருக்கு, பஸ் கூட்டமாறதுக்குள்ள ஓடு" என்றாள்.

வீட்டுக்கார மாமியிடம் நான் காலி செய்யவில்லை என்று சொன்னேன். "திரை தைக்கக் கொடுத்தாச்சேடி" என்றாள். அப்படியென்றால் அதை நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

சாதத்தில் மோரை விட்டுப் பிசையும்போதுதான் நகத்தைப் பார்த்தேன். வலதுகை நகக்கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். குங்குமம் மஞ்சளில் செய்ததுதானே, மஞ்சள் சோப்புப் பட்டால் சிவக்கும், எனக்குத் தெரியாததா? பளிச்சென்று சிவந்தது. இன்னும் தேய்த்தேன். போகவில்லை. விரலில் சந்தன வாசனை. தை மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிவப்பு என் விரலில் பட்டதே இல்லை. உன் பங்கையும் சேர்த்து வைத்தேன் என்று மாமி சொன்னது இப்போதுதான் உண்மையில் காதில் விழுந்தது. அவர் பஸ் நிறுத்தத்தில் தரையில் உட்கார்ந்தது, நான் பார்க்காதது, கண்முன்னால் வந்தது.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முதலில் சத்தம் வரவில்லை, பிறகு வந்தது. வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அசோக் நகராக இருந்தால் இதற்குள் யாராவது கதவைத் தட்டியிருப்பார்கள், காபி கலக்கட்டுமா என்று கேட்டிருப்பார்கள், அப்பாடா என்று கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்திருக்கும். இங்கே யாரும் தட்டவில்லை. கீழே வீட்டுக்காரர்கள் டிவி போட்டிருந்தார்கள். வேண்டிய மட்டும் அழுதுவிட்டு, எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பிசைந்து வைத்த சாதத்தைச் சாப்பிட்டேன். பசித்தது.